பார்த்ததை எழுதிய பிள்ளை

கண்ணாடித் தம்ளருக்குள் ஒரு மரச்சட்டத்தை நிறுத்தி, அதன் மேற்பகுதியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று அவரை விதைகளை நூலால் கட்டி, நடு விதை பாதி நனையும் மட்டும் தண்ணீர் ஊற்றி வைக்கும் பரிசோதனையை வாசகர்களில் பலர் தம் பள்ளிப்பருவத்தில் செய்திருப்பார்கள். செய்யாதவர்கள் அதன் படத்தையேனும் நோட்டில் வரைந்திருப்பார்கள். விதை முளைப்பதற்கு நீரும் வேண்டும், காற்றும் வேண்டும் என்பதை விளக்கும் எளிய பரிசோதனை அது. நடு விதைக்கு இரண்டும் கிடைப்பதால் அது முளைக்கும். மேல் விதைக்கு நீரில்லை, அடி விதைக்குக் காற்றில்லை, ஆகவே அவை முளைக்கமாட்டா என்று புத்தகம் சொல்லும்.

மெய்யாகச் செய்து பார்க்கும் வகுப்பில் நடப்பது சற்று வேறு. அடி விதை நீரை உறிஞ்சிப் பருத்து, தோல் வெடித்து, வெண்ணிறமான வேர்முனையைச் சிறிது நீட்டிவிட்டு, அதன் பின்னரே அழுகத் தொடங்குவதும் உண்டு. நீரிலே சிறிதளவு காற்று கரைந்திருக்கின்றதன்றோ? அது தீரும் வரையில் விதை தன் முயற்சியைக் கைவிடுவதில்லை. பருத்தி நூலால் கட்டியிருந்தால், அந்நூல் வழியே நீர் மெல்ல ஏறி மேல் விதையும் நனைந்து பருத்துவிடுவதுண்டு. கூர்ந்து நோக்கும் பிள்ளை ஒன்று தன் நோட்டில், "மூன்றாம் நாள் அடியிலுள்ள விதையும் வேர் விட்டது" என்று எழுதுகிறது. எழுதிய வரியின் மீது சிவப்பு மையால் ஒரு கோடு விழுகிறது. மறு பரிசோதனையின்போது அப்பிள்ளை தம்ளரைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடுகிறது. முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறது.

அன்று அப்பிள்ளை கற்றுக்கொண்டது விஞ்ஞானந்தானா? கண் கண்டதை மறைத்துப் பெரியோர் விரும்புவதை எழுதினால் நன்மை உண்டு என்பதையே கற்றுக்கொண்டது. வீட்டிலே பொய் சொல்லாதே என்று ஓயாமல் கண்டிக்கும் நாம், பள்ளியின் பரிசோதனை நோட்டு முழுவதும் இத்தகைய சிறு பொய்களால் நிரம்புவதைப் பெரிதாக எண்ணுவதில்லை. நடுநிலைப் பள்ளியில், அதாவது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில், பிள்ளைகள் தம் கைகளாலேயே கணிதமும் விஞ்ஞானமும் செய்து கற்க வேண்டும் என்று இக்காலத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். நல்ல பேச்சுத்தான். ஆனால் கையில் பொருளைக் கொடுப்பது மட்டும் போதுமானதன்று. கையும் கண்ணும் சொல்வதை எழுத அப்பிள்ளைக்கு உரிமை உண்டா என்பதே முதற் கேள்வி.

இக்கேள்வியை முப்பது ஆண்டுகள் விடாப்பிடியாகக் கேட்ட ஒரு முயற்சியைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன். அது நடந்தது நம் தமிழகத்தில் அன்று. மத்தியப் பிரதேசத்தில், நர்மதை நதிக்கரையிலுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில். இன்று அம்மாவட்டத்தின் பெயர் நர்மதாபுரம்.

1972ஆம் ஆண்டு அங்கே பதினாறு கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதிய விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடங்கியவர்கள் இரு சிறு தொண்டு நிறுவனத்தார். ஒன்று, மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாய் இருந்து, அதனை விட்டுக் கிராமத்துக்கு வந்த அனில் சத்கோபால் முதலானோர் நிறுவிய 'கிஷோர் பாரதி'. மற்றொன்று, குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவ நண்பர் சபையார் ரசூலியாவில் நடத்திவந்த கிராம நிலையம். மாநில அரசு தன் பள்ளிகளில் இப்பரிசோதனையைச் செய்து பார்க்க அனுமதி அளித்தது. டாட்டா நிலையத்திலிருந்தும் பின்னர் டில்லிப் பல்கலைக் கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் வந்து கிராமத்து உபாத்தியாயர்களோடு தரையில் அமர்ந்து பாடங்களை உருவாக்கினார்கள். 1978இல் அத்திட்டம் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 1982இல் 'ஏகலவ்யா' என்னும் நிறுவனம் தோன்றி அப்பணியை ஏற்றுக்கொண்டது. பின்னர் அது பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் பல நூறு பள்ளிகளுக்குப் பரவியது.

அவர்கள் வெளியிட்ட பாடநூலின் பெயர் 'பால் வைக்ஞானிக்', அதாவது குழந்தை விஞ்ஞானி. அந்நூலில் ஒரு விந்தை உண்டு. பரிசோதனையை எவ்வாறு செய்வது என்று சொல்லும். செய்தபின் கேள்விகளைக் கேட்கும். விடையை மாத்திரம் சொல்லாது! ஆகவே நூலைப் பார்த்து எழுதுவதற்கு வழியே இல்லை. நான்கு நான்கு பிள்ளைகளாகக் குழு சேர்ந்து செய்ய வேண்டும். கண்டதை ஒவ்வொருவரும் தம் நோட்டில் எழுத வேண்டும். பின்னர் வகுப்பு முழுவதும் கூடி, யார் கண்டது யாது, ஏன் வேறுபட்டது என்று விவாதிக்க வேண்டும். ஆசிரியர் விடையை அறிவிக்கும் நீதிபதியாக நிற்காமல், விவாதத்தை நடத்திச் செல்பவராக நிற்பார். அது எளிய காரியமா? அன்று. அதனால்தான் கோடை விடுமுறையில் மூன்று வாரம் ஆசிரியர்கள் ஒன்றுகூடி, பிள்ளைகள் செய்ய வேண்டிய பரிசோதனைகள் அனைத்தையும் முதலில் தாமே செய்து பார்த்தார்கள். பின்னர் மாதந்தோறும் கூடித் தங்கள் வகுப்பில் எது சிக்கலாயிற்று, எந்தப் பாடம் பயன்படவில்லை என்று பேசினார்கள். அப்பேச்சைக் கேட்டுப் பாடநூலும் திருத்தப்பட்டது.

பொருள்களுக்குச் செலவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மலர்களைப் பிரித்துப் பார்க்க ஊசிகள் வேண்டியிருந்தன. விலை கொடுத்து வாங்குவானேன்? பள்ளிக்கு வெளியே கருவேல மரம் நின்றது. அதன் முள்ளே ஊசியாயிற்று. எத்தனை உடைந்தாலும் அச்சமில்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் சில, நுண்ணோக்கியைப் பீரோவில் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டி வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். உடையக்கூடாத பொருள் பிள்ளையின் கைக்கு ஒருநாளும் வருவதில்லை.

அத்திட்டத்தின் பாடங்களுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது அளவிடுதலைப் பற்றிய பாடமே. பார்க்கப்போனால் அது விஞ்ஞானமும் கணிதமும் சந்திக்கும் இடம். வகுப்பிலுள்ள ஒரே மேசையின் நீளத்தைப் பத்துக் குழுக்கள் தனித்தனியே அளக்கின்றன என்று கொள்வோம். ஒரு குழு 121 சென்டிமீட்டர் என்கிறது, மற்றொன்று 121.4, வேறொன்று 122, இன்னொன்று 120.8. நம் வழக்கம் யாது? ஆசிரியர் தாமே ஒரு முறை அளந்து, "சரியான விடை 121.5, எல்லாரும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்" என்பார். ஹோஷங்காபாத் வகுப்பில் அவ்வாறு செய்வதில்லை. அளவுகளில் காணும் இந்தக் கூடுதல் குறைவுக்கு இந்தியில் 'கட்-பட்' என்று ஒரு பெயரையே இட்டு, அதனை ஒரு பாடப்பொருளாக்கிவிட்டார்கள். எல்லா அளவுகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். எவை நெருங்கி நிற்கின்றன, எது மட்டும் தனியே விலகி நிற்கின்றது? விலகியதற்குக் காரணம் என்ன? அளவுகோலின் முனை தேய்ந்திருந்ததா? ஒரு முறை வைத்து மறுமுறை எடுத்து வைக்கையில் இடைவெளி விழுந்ததா? காரணம் புலப்பட்டால் மீண்டும் அளக்கலாம். புலப்படாவிட்டால் அவ்வேற்றுமை இயல்பானது. மனிதன் எதை அளந்தாலும் இருந்தே தீரும்.

பதினோரு வயதில் இதனைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கும், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகப் 'பிழை' என்ற சொல்லைக் கேட்டுத் திடுக்கிடும் இளைஞனுக்கும் உள்ள தொலைவு எவ்வளவு! முன்னவன் தன் எண்ணை மறைப்பதில்லை. பக்கத்துக் குழுவின் எண்ணைத் திருடுவதுமில்லை. வேறுபடுவது குற்றம் அன்று என்பதை அவன் அறிந்திருக்கிறான். காரணம் கேட்டால் சொல்ல வேண்டும் என்பதையும் அறிந்திருக்கிறான்.

இதே முறையில் நம் ஊரிலும் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். கோயில் மணிக்கூண்டின் உயரத்தைக் காண வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர்க் கழியை நேராக நிறுத்தி அதன் நிழலை அளந்தால் 80 சென்டிமீட்டர். அதே நேரத்தில் கூண்டின் நிழலை அதன் சுவரிலிருந்து அளந்தால் 14.4 மீட்டர். நிழலின் விகிதமே உயரத்தின் விகிதம். ஆகவே கூண்டின் உயரம் 18 மீட்டர். ஏழாம் வகுப்புக் கணக்கு, முடிந்தது. ஆனால் மற்றொரு குழு 20.5 மீட்டர் என்று சொல்லி நிற்கிறது! இரண்டரை மீட்டர் வேற்றுமை அளவுகோலின் தேய்மானத்தால் வருவதன்று. யார் கவனக்குறைவாய் இருந்தார்கள்? எவரும் இல்லை. கூண்டின் உச்சி, அகன்ற அடித்தளத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கிறது. அதன் நிழலைச் சுவரின் வெளிப்புறத்திலிருந்து அளந்தால், நடுவிலிருந்து சுவர் வரையுள்ள தூரம் விட்டுப்போகும். அடித்தளம் 4 மீட்டர் அகலமாயின் அதிற் பாதி 2 மீட்டர். அதனைச் சேர்த்தால் 16.4 மீட்டர்; அப்போது உயரம் 20.5. இரண்டாம் குழுவினர் அதைச் சேர்த்தவர்கள். இதை எந்த ஆசிரியரும் முன்கூட்டிச் சொல்லாமல், இரு குழுவினரும் மணிக்கூண்டின் அடியில் நின்று சண்டையிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கோயிற்பிள்ளை மனமிரங்கி மேலேறி, மணி தொங்கும் மட்டத்திலிருந்து கல் கட்டிய கயிறு ஒன்றை இறக்குவாரானால், அந்த மட்டத்தின் உயரத்தையேனும் நேரில் அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம். விகிதசமம் என்ற பாடத்தை இப்படிக் கற்ற பிள்ளைகள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

ஹோஷங்காபாத்துக்கு வந்து சேர்ந்தவர்களுள் ஒருவரைத் தனியே குறிப்பிட வேண்டும். கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, லாரிகளைச் செய்யும் டெல்கோ கம்பெனியில் பொறியாளராய் இருந்த அரவிந்த் குப்தா, 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே வந்தார். கிராமத்து வாரச் சந்தையில் கிடைக்கும் மலிவான பொருள்களை வாங்கி, அவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தார். சைக்கிள் டியூபின் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாயில் தீக்குச்சி இறுகப் பொருந்துவதைக் கண்டார். அவ்வளவுதான். மூன்று தீக்குச்சிகளையும் மூன்று துண்டு ரப்பரையும் இணைத்தால் ஒரு முக்கோணம். நான்கை இணைத்தால் ஒரு சதுரம்.

சதுரத்தை விரலால் சற்றே தள்ளினால் சரிந்து சாய்சதுரமாகிவிடும். முக்கோணத்தை எவ்வளவு தள்ளினாலும் அதன் வடிவம் மாறாது. சதுரத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு குச்சியை வைத்துக் கட்டுங்கள், அதுவும் உறுதிப்பட்டுவிடும். ஏன் என்று கேட்டால், இப்போது அது இரண்டு முக்கோணங்கள் ஆகிவிட்டது என்று பிள்ளையே சொல்லும். பிறகு வீதியில் நடக்கும்போது ஓட்டு வீட்டின் கூரைச் சட்டங்களையும், மின்சாரக் கோபுரத்தையும், ஆற்றுப் பாலத்தின் இரும்புக் குறுக்குகளையும், தந்தையின் சைக்கிளையும் அது வேறு கண்ணால் பார்க்கும். ஆறு குச்சிகளால் முக்கோணக் கூம்பு; பன்னிரண்டு குச்சிகளால் கனசதுரம். கூம்பு நிமிர்ந்து நிற்கும், கனசதுரம் தள்ளாடும். கனசதுரத்தை உறுதியாக்க இன்னும் எத்தனை குச்சி வேண்டும்? இதைச் சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது, ஆயினும் அடக்கிக்கொள்கிறேன். ஒரு தீப்பெட்டியும் ரப்பர்க் குழாயும் அதிக விலை பெறுவதில்லை. மருந்து முனையைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுக் குச்சியைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

அரவிந்த் குப்தா தம் வாழ்நாளை இவ்வகை எளிய விளையாட்டுப் பொருள்களுக்கே தந்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பரிசோதனை செய்யும் வகுப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பரீட்சையைப் பழையபடி வைத்தால் என்ன ஆகும்? பிள்ளைகளும் பெற்றோரும் பரீட்சை கேட்பதையே படிப்பார்கள்; வேறு எதிர்பார்க்க இயலாது. இதை ஹோஷங்காபாத்தார் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். ஆகவே பரீட்சைக்குப் பாடநூலையும் சொந்த நோட்டையும் கொண்டுவரலாம் என்று விதி வகுத்தார்கள். எழுத்துப் பரீட்சையோடு, கையால் செய்து காட்டும் பரீட்சையும் உண்டு. நூலைத் திறந்து வைத்துக்கொண்டாலும் விடை அதில் இல்லை. புதிய ஒரு நிலைமையைத் தந்து, இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவாய் என்று கேட்டார்கள். தன் நோட்டில் உள்ளதை உள்ளவாறு எழுதிய பிள்ளைக்கு அந்நோட்டே துணையாயிற்று. பார்த்து எழுதியவனுக்கு அது துணை நிற்கவில்லை. நேர்மைக்கு இவ்வளவு நடைமுறைப் பயன் அளித்த பரீட்சை வேறொன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. பாடநூலின் வழியே 'சவாலிராம்' என்றொருவர் பிள்ளைகளுக்கு அறிமுகமானார். சவால் என்றால் இந்தியில் கேள்வி. உங்கள் மனத்தில் எழும் கேள்வி எதுவாயினும் எனக்கு எழுதுங்கள் என்று அவர் அழைத்தார். அப்படி ஒரு மனிதர் இல்லை, கற்பனைப் பாத்திரம். ஆனாலும் பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள், பதிலும் சென்றது. கிராமத்துப் பிள்ளை ஒன்று தன் கேள்விக்குத் தபாலில் விடை வந்து, தன் பெயர் எழுதிய உறையைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கும் அந்த நிமிடத்தை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய திட்டம் 2002ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. மாநிலம் முழுவதும் என்ன பாடநூலோ அதையே இம்மாவட்டத்திலும் கற்பிக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. மேல் வகுப்புப் பொதுத்தேர்வில் நம் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்ற அச்சமும் அம்மாவட்டத்தில் பேசப்பட்டது. அந்த அச்சத்தை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. நிலமும் பணமும் இல்லாத குடும்பத்துக்குப் பரீட்சை மதிப்பெண்தான் ஒரே ஏணி. அந்த ஏணியில் ஒரு படி குறைந்துவிடுமோ என்று தாய் ஒருத்தி அஞ்சினால், அவளிடம் விஞ்ஞான மனப்பான்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது முறையன்று. எட்டாம் வகுப்பு வரை "நீ கண்டதை எழுது" என்று சொல்லிவிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து "நாங்கள் சொல்வதை எழுது" என்று கேட்டால், அந்த முரண்பாட்டின் சுமை பிள்ளையின் தலைமேல் அல்லவா விழுகிறது? மேல் வகுப்புப் பரீட்சையையும் மாற்றியிருக்க வேண்டும். அதை மாற்றுவது எளிதன்று. ஆகவே கீழ் வகுப்பின் முயற்சி நிறுத்தப்பட்டது என்பதே என் கருத்து. ஆயினும் அதன் சுவடு முற்றிலும் அழிந்துவிடவில்லை. அத்திட்டத்துக்குத் தொடக்கத்தில் ஆதரவளித்த விஞ்ஞானி யஷ்பால், 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக் குழுவுக்குத் தலைவராய் இருந்தார். மனப்பாடத்தை விட்டுப் பிள்ளை தானே அறிவை ஆக்கிக்கொள்ள வேண்டும் என்னும் கருத்து அவ்வறிக்கையில் வலுவாய் இடம்பெற்றது.

இது ஏதோ வடநாட்டு விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். கையால் கணிதம் கற்கும் வழிக்கு நம் மாநிலத்திலும் நெடிய மரபு உண்டு. சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரியாய் இருந்த சுந்தரராவ் என்பவர், காகிதத்தை மடித்தே வடிவகணிதத்தைக் கற்பிக்கும் நூல் ஒன்றை 1893இல் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதனைத் தம் நூலில் எடுத்துக் கூறினார். 1901இல் அமெரிக்காவிலும் அது அச்சாயிற்று. ஒரு காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் அடிப்பக்கத்தின் ஒரே புள்ளியில் சேருமாறு மடித்தால், மூன்று கோணங்களும் அடுத்தடுத்து அமர்ந்து ஒரு நேர்கோட்டை நிரப்பிவிடும். முக்கோணத்தின் கோணங்கள் கூடி 180 பாகை என்பதை இதைவிடத் தெளிவாய்ச் சொல்ல முடியுமா? ஆனால் பத்துப் பிள்ளைகள் பத்து விதமான முக்கோணங்களை மடிக்க வேண்டும். எல்லாரும் ஒரே அச்சு முக்கோணத்தை மடித்தால் பயனில்லை. பத்திலும் இவ்வாறே வந்தது, பதினோராவதிலும் வருமா, வந்தே தீருமா என்ற கேள்வி அப்போதுதான் எழும். நிரூபணம் எதற்கு என்பது அந்த இடத்தில்தான் ஒரு பிள்ளைக்கு விளங்கும்.

பின்னாளில் சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன், கணிதத்தைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவருவதையே தம் வாழ்வின் பணியாய்க் கொண்டார். கணிதமேதை இராமானுஜனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டி 1968இல் இரு தொகுதிகளாக வெளியிட்டவரும் அவரே. 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமைவதற்கு அவரே முதற் காரணர். 2005இல் மறைந்தார். அரசும் வாளாவிருக்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் செய்து கற்பதற்கென 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' என்னும் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. கருத்தாளர்கள் பொருள்களைச் சுமந்துகொண்டு பள்ளி பள்ளியாகச் செல்வது அதன் முறை.

பொருள் வந்துவிட்டது, நல்லது. வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? பள்ளியில் 'ப்ராஜெக்ட்' கொண்டுவரச் சொன்னார்கள் என்று பிள்ளை வந்து நிற்கும். உடனே கடைக்கு ஓடி, எரிமலையோ, காற்றாலையோ, மழைநீர்ச் சேமிப்போ, தெர்மாகோலில் ஆயத்தமாய்ச் செய்து விற்கும் பொருளை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அல்லது இரவெல்லாம் கண்விழித்துத் தாயும் தந்தையும் செய்கிறார்கள், பிள்ளை உறங்குகிறது. அத்தகைய பொருளுக்குப் பரிசும் கிடைக்கிறது. அவரை விதைக்கு விழுந்த சிவப்புக் கோட்டுக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை எனக்குத் தெரியவில்லை. ஆசிரியப் பெருமக்களும் இதில் பங்குடையவர்களே. வழவழப்பான பொருளுக்குப் பரிசைக் கொடுத்து, கோணலாய் நிற்கும் தீக்குச்சிக் கூம்பை மேசையின் கடைசியில் வைப்பவர்கள் அவர்களன்றோ?

தட்டு, வளையல், சம்புட மூடி, சைக்கிள் சக்கரம் என்று வீட்டில் உள்ள வட்டங்களின் சுற்றளவை நூலால் அளந்து, விட்டத்தால் வகுக்கும்படி சொல்லிப் பாருங்கள். வளையல் 19.6க்கு 6.2 என்றால் 3.16 வரும். மூடி 28.1க்கு 9 என்றால் 3.12. சக்கரம் 223க்கு 71 என்றால் 3.14. "எல்லாவற்றுக்கும் 22/7 வர வேண்டுமே, ஏன் வரவில்லை?" என்று பிள்ளை கேட்டால், எண்ணைத் திருத்தச் சொல்லாதீர்கள். பெரிய வட்டம் மட்டும் ஏன் நெருங்கி வந்தது என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு மில்லிமீட்டர் தவறு வளையலுக்குப் பெரிது, சக்கரத்துக்குச் சிறிது என்பதை அது தானே கண்டுகொள்ளும். 22/7 என்பதும் சரியான மதிப்பன்று, நெருங்கிய மதிப்பே என்பதைப் பிறகு சொல்லலாம்.

இவ்வாண்டில் செய்து பார்ப்பதற்கு மற்றொன்றையும் சொல்லி நிறுத்துகிறேன். நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும் என்று நாம் எல்லாரும் சொல்லி வருகிறோம். பிள்ளையிடம் ஒரு மீட்டர்க் கழியைக் கொடுத்து, முற்றத்தில் நேராய் ஊன்றி, ஒவ்வொரு மாதமும் ஒருநாள் நிழல் மிகவும் குறுகும் நேரத்தில் அதன் நீளத்தையும் திசையையும் குறித்துவரச் சொல்லுங்கள். சென்னையில் டிசம்பர் இறுதியில் நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் இருக்கும். ஜூன் இறுதியிலோ அது தெற்கு நோக்கி விழும். நீளம் சுமார் 18 சென்டிமீட்டர்தான். இவ்விரண்டுக்கும் இடையே நிழலே இல்லாத நாள் ஆண்டுக்கு இரண்டு முறை வந்தாக வேண்டும். சென்னையில் அது ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்டு 18ஐயும் ஒட்டியது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐயும் செப்டம்பர் 1ஐயும் ஒட்டியது. ஏப்ரலில் பரீட்சை, விடுமுறை என்று போய்விடும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும். சென்னைக் கடிகாரத்தில் அன்று மணி பன்னிரண்டு அடித்துப் பதின்மூன்று நிமிடம் ஆகும்போது பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கே ஏன் இல்லை என்று கேட்கும் பிள்ளை இருக்கும். அது வேறொரு மாதத்துக்குரிய கதை. அன்று மேகமாயிருந்தால் வருந்த வேண்டாம். மறுநாளும் நிழல் அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகத்தான் இருக்கும். கழி நேராய் நிற்கிறதா என்பதை மட்டும், கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு முன்னதாகவே சரிபார்த்துக்கொள்ளட்டும்.